வெள்ளிக்கிழமைப் பட்டியலில் முதல் பெயர்

யாருமே படிக்காத வரிகளைத் திருத்துவதற்காக மாதச் சம்பளம் வாங்கிய ஒரு ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒன்றரை வருடம் அடுத்த வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம். எதிரில் சார் என்போம். முதுகுக்குப் பின்னால் டிக்‌ஷனரி. வயது நாற்பத்தைந்து இருக்கும். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் மாடியில் அது கிழவன் வயது. மற்ற எல்லோரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று. அவர் மட்டும் சட்டையை இன் பண்ணி, பாக்கெட்டில் இரண்டு பேனா குத்தி, தாலுகா ஆபீசுக்குக் கிளம்பி வழி தவறி எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டவர் மாதிரி இருப்பார். மேசையில் பிரவுன் பேப்பர் அட்டை போட்ட தடி அகராதி ஒன்று. அதன் மேல் ஓரடி ஸ்டீல் ஸ்கேல்.

ஸ்கேல் எதற்கு என்று முதல் நாள் எனக்குப் புரியவில்லை. பிறகு பார்த்தேன். மானிட்டர் கண்ணாடியை கர்ச்சீப்பால் துடைப்பார். ஸ்கேலைத் திரையில் ஒரு வரிக்கு அடியில் வைப்பார். படிப்பார். ஒரு வரி இறக்குவார். படிப்பார். பள்ளிக்கூடத்தில் ஹாஜர் எடுக்கிற மாதிரி. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை இதேதான். பன்னிரண்டரைக்கு டிபன் பாக்ஸ். ஒன்றே காலுக்கு மறுபடி ஸ்கேல்.

படித்தது புரோகிராமையா என்றால் அதுவும் இல்லை. கம்ப்யூட்டர் பக்கம் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். புரோகிராம் எழுதும்போது, 'இந்த இடத்தில் கணக்கு சரிபார்க்கிறோம்' என்கிற மாதிரி நடுநடுவே இங்கிலீஷில் ஒரு குறிப்பு எழுதி வைப்போம். அதற்கு கமென்ட் என்று பெயர். அடுத்து வருகிற ஆளுக்காக. கம்ப்யூட்டர் அதைச் சீண்டாது, தாண்டிப் போய்விடும். அதில் கெட்ட வார்த்தை எழுதினால்கூட புரோகிராம் ஒழுங்காக ஓடும். எங்கள் டிக்‌ஷனரி அதை மட்டும்தான் படித்தார். அதில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தினார். வேறெதையும் தொட மாட்டார்.

நான் சேர்ந்த இரண்டாவது வாரம் இன்டர்காம் அடித்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து என் இடத்துக்கு ஆறு எட்டு தூரம். இருந்தாலும் இன்டர்காம்தான்.

"தம்பி, உன் ஃபைல்ல முப்பத்தாறாவது வரில செபரேட்னு எழுதியிருக்கே."

"ஆமா சார்."

"நடுவுல 'ஈ' போட்டிருக்கே. அங்க 'ஏ' வரணும்."

"சார், அது கமென்ட் சார். அது ஓடவே ஓடாது."

"ஓடாதது இருக்கட்டும். படிக்கிறவன் என்ன நெனப்பான்?"

"யாரு சார் அத படிக்கப் போறா?"

"வருவான்," என்றார். போனை வைத்துவிட்டார்.

இந்த 'வருவான்'தான் அவருடைய மந்திரம். யார் கேட்டாலும் இதுதான் பதில். யார் வருவான், எங்கிருந்து வருவான், வந்து கமென்ட்டைப் படித்துவிட்டு என்ன கிழிப்பான், ஒன்றும் கிடையாது. வருவான். அமாவாசைக்கு அமாவாசை சாமி வருகிற வீடுகளில்கூட இவ்வளவு நம்பிக்கை இருக்காது.

ஜோகுபாளையத்துக்காரர். மூன்று தலைமுறையாக அங்கேயே. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். ஏதோ அரசாங்கத் தொழிற்சாலையில் பீரோ சைஸ் கம்ப்யூட்டரில் பழைய மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர். இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் தேதி தெரியாமல் குழம்பும் என்று ஒரு பீதி இருந்ததே, அப்போது பழைய மொழி தெரிந்தவர்களை வலை போட்டுப் பிடித்தார்கள். அந்த வலையில் வந்தவர். இரண்டாயிரம் பிறந்தது. ஒரு விமானமும் விழவில்லை. அந்த வேலை அத்தோடு முடிந்தது. அவரோடு வந்தவர்களில் பாதிப் பேர் புது மொழி படித்துக்கொண்டார்கள், மீதிப் பேர் போய்விட்டார்கள். இவர் இரண்டும் செய்யவில்லை. ஸ்கேலை எடுத்துக்கொண்டார்.

இந்த வியாதி ஆபீஸ் மேசையோடு நின்றதா என்றால் இல்லை. கேன்டீனில் தினமும் என்ன சாப்பாடு என்று சாக்பீஸில் ஒரு போர்டு எழுதி வைப்பார்கள். டொமாட்டோ ரைஸ் போடுகிற நாளில் 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஓ' இருக்கும். இவர் டிபன் பாக்ஸை வைத்துவிட்டுப் போய் விரலால் அழித்து சாக்பீஸ் கேட்டு வாங்கித் திருத்துவார். மாண்டியா பக்கத்து ஆளான கேன்டீன்காரர் முதல் நாள் முறைத்தார். இரண்டாம் நாள் சிரித்தார். மூன்றாம் நாள் போர்டைக் காலியாக வைத்துவிட்டு சாக்பீஸை நீட்டினார்.

"நீவே பரீரி சார். நீங்களே எழுதிடுங்க. எனக்கு பூரி எண்ணெய்ல இருக்கு."

அன்றிலிருந்து அந்தப் போர்டு இவர் பொறுப்பு. பெருமையாக எழுதிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பார். ஒரு நாள் அவர் சாம்பார் ரைஸ் என்று எழுதியிருந்தார். உள்ளே போனால் தயிர் சாதம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேன்டீன்காரரை விட்டுவிட்டு இவரிடம் போய்ச் சண்டை போட்டார்கள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் குமரேசன். ஈஜிபுராவில் என் ரூம்மேட், என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன். தயிர் சாதத்தில் ஊறுகாயைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"மச்சி, இப்ப அந்த போர்டு யாரோடது?"

"கேன்டீனோடது."

"போடா. திட்டு யாருக்கு விழுதோ அவரோடது. புரியுதா?"

"இல்ல."

"நம்ம ஃபைலும் ஒரு போர்டுதான்டா," என்றான்.

அவன் சொன்னது இதுதான். எங்கள் ஆபீசில் எல்லாப் புரோகிராமும் ஒரு பெரிய மிஷினில் இருக்கும், லைப்ரரி மாதிரி. ஒரு ஃபைலை எடுத்து மாற்றித் திருப்பி வைத்தால், கடைசியாகத் தொட்டவர் என்று நம் பெயர் ஏறும். அந்த ஃபைலில் ஏதாவது கோளாறு வந்தால் மெயில் தானாகக் கடைசிப் பெயருக்குப் போகும். என்ன மாற்றினார், ஒரு வரியா ஓர் எழுத்தா என்று பழசைத் தோண்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. கடைசிப் பெயர் யாரோ அவர் தலையில் விடியும்.

ஆகவே வேலையை முடித்ததும் முதல் கமென்ட்டில் ஒரே ஓர் எழுத்தை வேண்டுமென்றே தப்பாக வைத்தால் போதும். தூண்டிலில் புழு. மறுநாள் பதினோரு மணிக்குள் ஸ்கேல் அந்த வரிக்கு வரும், திருத்தும், ஃபைல் அவர் பெயருக்கு மாறிவிடும். அதன்பிறகு அதில் எது வெடித்தாலும் மெயில் அவருக்கு.

மூன்று மாதம் பயந்து பயந்து செய்தோம். பிறகு பழக்கமாகிவிட்டது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்போது ஒரு கூச்சமும் இல்லை, சிரிப்புதான். எங்கள் கோளாறு மெயில் எல்லாம் அவர் பெட்டியில் போய் விழும். அவர் ஒவ்வொரு மேசையாக வருவார்.

"தம்பி, ஸ்வல்ப, கொஞ்சம் இதப் பாக்கறியா? ரெண்டு நிமிஷம்."

யாராவது அவர் இடத்துக்குப் போய், அவர் மிஷினிலேயே சரி செய்துவிட்டு வருவோம். பல நாள் என் தப்பை நானே போய்ச் சரி செய்து, அவரிடம் தேங்க்ஸும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். 'இது என் ஃபைல் இல்லை' என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவ்வளவு மண்டூகம் என்று நினைத்தோம்.

ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் சுவரிலேயே ஒட்டியிருந்தது. எங்களுக்குத்தான் கண் தெரியவில்லை.

எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்கார அம்மா. அதிர்ந்து பேச மாட்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரம் யார் எத்தனை ஃபைல் தொட்டார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து காபி மிஷின் பக்கத்தில் ஒட்டுவார். அவருக்கு வேலை அளக்கத் தெரிந்த ஒரே வழி அது. நான் ஏழு, எட்டு. குமரேசன் ஆறு. டிக்‌ஷனரி நூற்றுப் பத்து. நூற்று முப்பது. வாரா வாரம் அவர் பெயர்தான் மேலே.

"சாரப் பாருங்க கண்ணுகளா," என்பார் மேனேஜர். "இந்த வயசுல நூத்திப் பத்துங்க. நீங்கெல்லாம் டீ குடிக்கறதுலயே இருக்கறீங்க."

சார் தலையைக் குனிந்துகொண்டு அகராதியைத் துடைப்பார்.

இரண்டாயிரத்து ஒன்று கடைசியில் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தார்கள். சத்தமில்லாமல்தான் நடக்கும். இன்டர்காம் வரும், சின்ன ரூமுக்குக் கூப்பிடுவார்கள், கதவு மூடும். திரும்பி வருகிறவர் யார் முகத்தையும் பார்க்காமல் டிராயரைக் காலி செய்வார். பயிற்சியில் இருக்கிறவர்கள் முதலில் என்று பேச்சு. என் ஒரு வருடப் பயிற்சியை ஏற்கனவே ஆறு மாதம் நீட்டியிருந்தார்கள். வேலையை உறுதி செய்து தருகிற லெட்டர் டிசம்பர் கடைசியில் வர வேண்டும். வராவிட்டால் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி அப்பாவின் உரக்கடையில் சாக்கு எண்ண வேண்டியதுதான்.

அந்த டிசம்பரில்தான் வெண்ணெய் லாரி வந்தது.

வெளிநாட்டில் ஒரு பல்பொருள் கடைக் கம்பெனிக்கு நாங்கள் புரோகிராம் எழுதினோம். எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி அனுப்ப வேண்டும் என்று கோடவுனுக்குச் சொல்கிற புரோகிராம். ஒரு கடை இன்றைக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்க வேண்டும். நான் ஆக்கவில்லை. மறந்துவிட்டேன். அதனால் வேண்டாம் என்று சொன்ன கடைக்கு முந்தைய நாள் எண்ணிக்கையே மறுபடி போனது. ஏதோ ஒரு சின்ன ஊரில் ஒரு கடை வாசலில் மூன்று நாள் தொடர்ந்து வெண்ணெய் லாரி வந்து நின்றிருக்கிறது. நான்காம் நாள் அந்தக் கம்பெனி பெரிய தலைகள் எங்களுக்குப் போன் போட்டார்கள்.

ஃபைலில் கடைசிப் பெயர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. நான் புழு வைத்திருந்தேன், அவர் கடித்திருந்தார்.

சின்ன ரூமில் நடுமேசையில் ஸ்பீக்கர் போன். மேனேஜர், டிக்‌ஷனரி, குறிப்பு எடுக்க நான். போனில் ஒரு வெள்ளைக்காரர் வெண்ணெயைப் பற்றி உருக்கமாகப் பேசி முடித்தார். மேனேஜர் போனை மியூட்டில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"சார், இந்த ஃபைல நீங்கதானே கடைசியா தொட்டீங்க?"

"ஆமாங்க."

"என்னங்க மாத்துனீங்க?"

ஒரு வரி போதும். 'கமென்ட்டில் ஒரு ஸ்பெல்லிங் மாற்றினேன், வேறொன்றும் இல்லை.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அடுத்த நிமிடம் அதற்கு முந்தைய பெயர் யாருடையது என்று பார்ப்பார்கள். நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உரச் சாக்கு வாடை மூக்குக்கு வந்துவிட்டது.

அவர் மியூட்டை எடுத்தார். சுத்தமான இங்கிலீஷில், தப்பு தன்னுடையது, ஒரு வாரத்தில் சரி செய்து தருகிறேன், வருந்துகிறேன் என்றார்.

பஸ்ஸில் குமரேசன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"டேய், உன்னக் காப்பாத்திட்டாருடா. தெய்வம்டா அவரு."

"ம்."

"நாளைக்கு கால்ல விழுந்துடு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ராத்திரி முழுக்க அந்த ஆளை மகான் என்று நம்பினேன். இவ்வளவு கேவலமாக நடத்தினோமே என்று சாப்பாடுகூட இறங்கவில்லை.

மறுநாள் காலை அவரே என் மேசைக்கு வந்தார், இன்டர்காம் இல்லாமல். ஒரு கையில் டீ, ஒரு கையில் ஸ்கேல்.

"தம்பி, இந்த ஃபைல் என்ன பண்ணுது?"

"சார்?"

"இது மொத்தமா என்ன பண்ணுது? முதல்லேர்ந்து சொல்லு. நான் கமென்ட்தான் படிச்சிருக்கேன்."

என் தப்பை, என் தப்பு என்று சொல்லாமல், அவருக்கே பாடம் எடுத்தேன். "இங்க யாரோ பூஜ்யம் ஆக்க மறந்துட்டாங்க சார்" என்று சொன்னபோது என் காது சூடானது எனக்கே தெரிந்தது. அவர் ஒவ்வொரு வரிக்கும் ஸ்கேலை இறக்கினார், நோட்டில் எழுதிக்கொண்டார், புரியாததைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். கடைசியில் என்னால் அடக்க முடியவில்லை.

"சார், ஸ்பெல்லிங் மட்டும்தான் மாத்துனேன்னு ஏன் சார் நேத்து சொல்லல?"

டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார்.

"சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? 'அப்ப மத்த ஃபைல்ல என்ன மாத்துனீங்க?' வரும். அதுக்கு முந்தின வாரம்? அதுக்கு முந்தின வாரம்? ஒன்றரை வருஷத்தயும் தோண்டுவாங்க. எல்லாத்துலயும் ஸ்பெல்லிங்தான் இருக்கும்."

"அதனால?"

"தப்பு பண்ணின இன்ஜினியர வெச்சுக்குவாங்க தம்பி. ஒண்ணுமே பண்ணாதவன எதுக்கு வெச்சுக்குவாங்க? சாகு, போதும், அத விடு. நீ அடுத்த வரி சொல்லு."

அவ்வளவுதான் என் மகான். என்னைக் காப்பாற்றவில்லை. நான் அவர் கணக்கிலேயே இல்லை. பட்டியலில் முதல் பெயரைக் காப்பாற்றிக்கொண்டார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? மகானுக்குத் துரோகம் செய்தால்தான் பாவம். இவர் என்னை மாதிரியே ஒரு பயந்தாங்கொள்ளி. மறுபடி அவரை டிக்‌ஷனரி என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அந்த வாரம் முழுக்க அவர் அந்த ஒரு ஃபைலோடு மல்லுக்கட்டினார். நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதவில்லை. ஒவ்வொரு வரியையும் தாளில் போட்டு, கடை ஒன்று, கடை இரண்டு என்று கையால் ஓட்டிப் பார்த்தார். வேறெந்தக் கமென்ட்டையும் படிக்கவில்லை. கேன்டீன் போர்டுகூடக் காலியாகக் கிடந்தது. வியாழக்கிழமை மாலை ஒரே ஒரு வரி சேர்த்தார். அதற்கு மேலே ஒரு கமென்ட்: 'ஒரு கடை வேண்டாம் என்றால் பழைய எண் இங்கே தங்கிவிடும், அதனால் முதலில் பூஜ்யம் ஆக்குகிறோம்.' ஒத்துக்கொள்ள மனம் வரவில்லைதான், அந்த ஃபைலில் உருப்படியான கமென்ட் அது ஒன்றுதான். ஓட்டிப் பார்த்தார்கள். லாரி நின்றது.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். நான் ஒன்பது. குமரேசன் ஏழு. கடைசி வரியில் அவர் பெயர். பக்கத்தில் ஒன்று.

நூற்று முப்பதிலிருந்து ஒன்று. ஒன்றரை வருடத்தில் அவர் உண்மையாக வேலை செய்த ஒரே வாரம் அது. மேனேஜர் காபியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பட்டியல் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நானும் நின்றேன். சொல்லியிருக்கலாம். 'மேடம், அந்த ஒன்றுதான் வேலை. அது என் தப்பு' என்று. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்கூட.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லங்க மேடம்," என்றேன்.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு இன்டர்காம் அவருக்கு அடித்தது. சின்ன ரூமில் பத்து நிமிடம். பெரிய கம்பெனியின் புகார், அதோடு அந்த வாரம் வேலையும் சரிந்துவிட்டது என்று காரணம் சொன்னார்களாம். பன்னிரண்டரைக்கு வழக்கம்போல டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார். முழுதாக. கழுவினார். பிறகு அகராதியையும் ஸ்கேலையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தார். குமரேசன் பாத்ரூமுக்கு ஓடிவிட்டான். நான் மாட்டிக்கொண்டேன்.

"தம்பி, உங்க ரெண்டு பேரோட ஃபைல்லயும் ஒரு விஷயம் கவனிச்சேன்."

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன்.

"ஒரே ஒரு தப்புதான் இருக்கும். எப்பவும் மொதல் கமென்ட்ல. மீதி எல்லாம் சுத்தமா இருக்கும். நல்லா ஸ்பெல்லிங் தெரிஞ்ச பசங்கதான் நீங்க."

"சார், அது வந்து..."

"எனக்கு அந்த லிஸ்ட் எவ்ளோ முக்கியம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்காகத்தானே வெச்சீங்க. நான் கேக்கவே இல்ல. நீங்களா செஞ்சீங்க." என் தோளில் இரண்டு தட்டு தட்டினார். "தேங்க்ஸ்ப்பா. ரெண்டு பேருக்கும்."

நக்கலா, நிஜமா? முகத்தில் ஒன்றும் இல்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. நிஜம் என்றால் அவரைப் போல மடையன் கிடையாது. நக்கல் என்றால் நான் பார்த்ததிலேயே பெரிய ஆள் அவர்தான். வாரத்துக்கு ஒரு தடவை மாற்றி மாற்றி நினைத்துக்கொள்கிறேன். எதுவானாலும் நான் அன்றைக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேளுங்கள். "பரவால்ல சார்" என்றேன்.

இருபத்தெட்டாம் தேதி என் லெட்டர் வந்தது. குமரேசனுக்கும். கேன்டீன் போர்டில் டொமாட்டோ மறுபடி 'ஓ'வுக்குத் திரும்பியது.

அதே மாடியில்தான் இருக்கிறேன். இப்போது வெள்ளிக்கிழமைப் பட்டியல் எடுப்பது நான். திரும்பி வருகிற மெயிலும் எனக்குத்தான். இன்று காலை அந்த வெண்ணெய் ஃபைலில் வேறு ஏதோ கோளாறு. திறந்து மேலிருந்து கீழ்வரை கமென்ட் எல்லாம் படித்தேன், ஒரு பிழை இல்லை. அவருக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. நான் தொட்டால் கடைசிப் பெயர் என்னுடையதாகிவிடும். கோளாறு மெயில் தானாக அவர் பெயருக்குப் போய், இந்த முகவரியில் யாரும் இல்லை என்று திரும்பி வந்து, பத்தே முக்காலிலிருந்து என் திரையில் இருக்கிறது.